புதுப்பிப்பு: செயின் தாவுவது நின்றது

சைக்கிளில் புது செயின் போட்டும் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பல் தாவுகிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். கியர் கேபிளை முறுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. கேசட்டை (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரங்களின் தொகுப்பு) பார்க்கச் சொன்னவர்தான் சரி, அவருக்கு மனமார்ந்த நன்றி.

கழற்றிய பழைய செயினை அளந்தேன். 12 அங்குலத்தில் முடிய வேண்டிய 24 கண்ணிகள் 12⅛ அங்குலம் வந்தன, அதாவது 1 சதவீதத்துக்கும் மேல் தேய்மானம். என்னுடையது 11 கியர் செயின், 0.5 சதவீதத்திலேயே மாற்றியிருக்க வேண்டும். நீண்டுபோன செயின் நான் அதிகம் ஓட்டும் நடுப் பல்சக்கரங்களைக் கொக்கி மாதிரி தேய்த்துவிட்டது. புது செயின் அதில் எப்படிப் பொருந்தி உட்காரும்?

கேசட்டை மாற்றினேன். நேற்று கோத்தகிரி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன், ஒருமுறைகூடத் தாவவில்லை. அப்புறம், செயின் தேய்மான அளவி ஒன்றும் வாங்கிவிட்டேன்.