வி: த ஃபைனல் பேட்டில் – எங்கே பிடித்தது, எங்கே உதைத்தது

பழங்கேசட்:
‘வி’ ஓர் அமெரிக்க டிவி கதை: மனிதத் தோல் போர்த்திய பல்லி உருவ வேற்றுக்கிரக வந்தேறிகள் நட்பாக வந்து பூமியைப் பிடிக்க, மனிதப் போராளிகள் எதிர்க்கிறார்கள். புதிதாகப் பார்க்க உட்காருபவர்கள் வரிசையை மாற்றிவிடாதீர்கள். 1983 மே 1, 2 தேதிகளில் என்.பி.சி. சேனலில் வந்த இரண்டு பாக ‘வி’தான் அஸ்திவாரம். ‘த ஃபைனல் பேட்டில்’ 1984 மே 6 முதல் 8 வரை மூன்று இரவு வந்தது. அதே அக்டோபரில் வாரத் தொடர் தொடங்கி, 19 எபிசோடோடு 1985 மார்ச்சில் நின்றுபோனது.

முதல் இரண்டு கதைகளையும் (1983, 1984) அடுத்தடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஒட்டு தெரியும். முதலாவதை எழுதி இயக்கியவர் கென்னத் ஜான்சன். ஹிட்லர் காலத்து ஐரோப்பாவை விண்கப்பலில் ஏற்றிக் காட்டியவர். விஞ்ஞானிகளைப் பொது எதிரியாக்குவது, சீருடை போட்ட இளைஞர் படை, பிள்ளையே வீட்டாரைக் காட்டிக்கொடுப்பது எல்லாம் அவர் போட்ட பாதை. பட்ஜெட் தகராறில் அவர் விலக, இரண்டாவதை ரிச்சர்ட் டி. ஹெஃப்ரன் இயக்கினார். எழுத்துப் பட்டியலில் வரும் ‘லில்லியன் வீஸர்’ ஜான்சனின் புனைபெயர்தான்.

ஒட்டு விட்ட இடம் எது என்றால், முதலாவதின் முடிவில் போராளிகள் வந்தேறிகளின் எதிரிக்கு விண்வெளியில் செய்தி அனுப்புகிறார்கள். இரண்டாவதில் அந்தச் செய்தி என்ன ஆயிற்று என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. வந்தேறிகளின் சொந்த ஊர் என்று சொல்லப்படும் சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவு. எதிரியும் அந்தப் பக்கம் என்று வைத்தால், அவ்வளவு தூரம் ரேடியோ அலை போய்ப் பதில் வரவே 17 ஆண்டுக்கு மேல் ஆகும். ‘பதில் வராது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்று ஒரு வசனம் வைத்திருந்தாலே போதும்.

சுவர்க்கிறுக்கன்:
ஒட்டு இருக்கட்டும், அந்த மருத்துவமனைக் காட்சியை விட்டுவிட்டீர்களே கேசட் சார். இரண்டாவதில் நின்று பேசுவது அதுதான்.

திட்டம் எளிது. வந்தேறித் தலைவன் ஜான் புற்றுநோய்க்கு மருந்து தருவதாக லாஸ் ஏஞ்சல்ஸில் மேடை ஏறுகிறான். நேரடி ஒளிபரப்பு. போராளிகள் வந்தேறிச் சீருடையிலேயே உள்ளே நுழைந்து, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் முகத்தோலை உரிக்கிறார்கள். ஆளைக் கொல்வது நோக்கமில்லை, காட்டுவதுதான் நோக்கம். போராளிகளில் ஒருவனான டோனவன் முதலாவதிலேயே ஒரு டிவி கேமராமேன். பல்லி முகத்தைப் படம்பிடித்தும் அதை ஒளிபரப்ப முடியாமல் போனவன். அந்தக் கணக்கு இங்கே தீர்கிறது. வந்தேறிகளுக்கு ஊதுகுழலாக இருந்த நிருபர் கிறிஸ்டீன் வால்ஷ் கேமரா முன்னாலேயே உண்மையைச் சொல்ல, வந்தேறித் தளபதி டயானா அவளைச் சுட்டுவிடுகிறாள்.

வெற்றிக்கு விலையும் உண்டு: போராளிகளின் தலைவி ஜூலி பிடிபடுகிறாள். டயானாவின் ‘மாற்றும் அறை’யில் அவள் மனத்தை உடைக்கும் பகுதி நீளமானது, சலிக்காதது. மீட்டு வந்தபிறகு எழுதியவர்கள் வைத்த சின்னத் தடயம்தான் அருமை. வலக்கைக்காரியான ஜூலி அறியாமல் இடக்கையை நீட்டுவாள். இரண்டாம் முறை பார்க்கும்போது அவள் கையை மட்டும் கவனியுங்கள்.

இரும்புக்கடை:
துப்பாக்கி விஷயம் கொஞ்சம். இரண்டாவதின் தொடக்கத்தில் போராளிகளின் தாக்குதல் படுதோல்வி; வந்தேறிகளின் புதுக் கவசத்தில் குண்டு பாயவில்லை. அப்புறம் ஹாம் டைலர் என்ற போராளியாக நடிகர் மைக்கேல் அயர்ன்சைடு வருகிறார், டெஃப்லான் பூசிய குண்டோடு. கவசம் கிழிகிறது.

டெஃப்லானால் கவசம் கிழியாது. 1960களில் அமெரிக்காவில் கே.டி.டபிள்யூ. என்ற குண்டு வந்தது. அதன் ஊடுருவும் சக்தி முழுக்க உள்ளே இருந்த கடின உலோகத்தால் வந்தது. சாதாரண ஈயம் கவசத்தில் பட்டதும் நசுங்கிப் பரவிவிடும், இது நசுங்காது. ஆனால் கடின உலோகம் குழலின் உட்பள்ளங்களை அரித்துவிடும். அந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான் மேலே டெஃப்லான் பூச்சு. 1982 ஜனவரியில் இதே என்.பி.சி. அந்தக் குண்டைப் பற்றி ஒரு சிறப்பு நிகழ்ச்சி போட்டது. ஊரெல்லாம் ‘டெஃப்லான்’ என்றே பேச்சு. இரண்டு வருடம் கழித்து வந்த கதையில் அந்தச் சொல் நுழைந்ததில் ஆச்சரியமில்லை.

லேப் மணி:
வந்தேறிகளைக் கொல்லும் செந்தூள் பற்றி நான் சொல்கிறேன். கதைப்படி: மனிதப் பெண் ராபினுக்கு வந்தேறி பிரையன் மூலம் இரட்டைக் குழந்தை. ஒன்று மனித உருவில், பிளந்த நாக்கோடு; அதுதான் எலிசபெத். மற்றது பல்லி உருவில் பிறந்து செத்துப்போகிறது. செத்ததன் உடலில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து ஜூலி குழு விஷத்தூள் தயாரிக்கிறது. அந்தத் தூளில் முதலில் செத்துக் காட்டுபவன் பிரையன், அவன்மேல் அதைத் திறந்துவிடுபவள் ராபின். பிறகு உலகமெங்கும் வெப்பக்காற்றுப் பலூனில் ஏற்றித் தூவுகிறார்கள்.

கலப்புப் பிறப்பே நடக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். வாழைக்கும் மாட்டுக்கும் உள்ள உறவுகூட நமக்கும் அவர்களுக்கும் கிடையாது. தூவும் முறையில்தான் எனக்குச் சிக்கல். நுரையீரலின் அடிவரை போக வேண்டுமானால் துகள் 1 முதல் 5 மைக்ரான் இருக்க வேண்டும். பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும், சீக்கிரம் தரையிலும் படிந்துவிடும். திரையில் சிவப்புப் பொடி கொட்டுவது கேமராவுக்காக. அடுத்தது வெயில்: புற ஊதாக் கதிரும் வறட்சியும் திறந்த வெளியில் பெரும்பாலான பாக்டீரியாவைச் சீக்கிரமே கொன்றுவிடும். வெப்பக்காற்றுப் பலூனைத் திருப்ப முடியாது, காற்று போகும் பக்கம்தான் அது போகும். சுமார் 30 கிலோமீட்டர் உயரம் தொடும் வானிலைப் பலூன் என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் வானம் நிறையப் பலூன் பறக்கும் அந்த அழகான ஷாட் கிடைத்திருக்காது.

வாரத் தொடர் எழுதியவர்கள் ஒன்று சரியாகப் பிடித்தார்கள். செந்தூள் பாக்டீரியா பெருகக் கடுங்குளிர் வேண்டும் என்று வைத்தார்கள். அதனால் பனி விழும் ஊர்கள் தப்பின, லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி வெயில் ஊர்களில் வந்தேறிகள் மறுபடி கால் வைக்கலாம். கதையை நீட்டச் செய்த தந்திரம்தான், ஆனால் உயிரியல் தெரிந்தவன் செய்த தந்திரம்.

சுவர்க்கிறுக்கன்:
அந்தக் கடைசிக் காட்சியையும் சொல்லிவிடுங்கள் மணி. டயானா தாய்க்கப்பலையே உலகை அழிக்கும் குண்டாக முடுக்கிவிடுகிறாள். யாராலும் நிறுத்த முடியவில்லை. சிறுமி எலிசபெத் உடம்பெல்லாம் மினுங்க நின்று நிறுத்திவிடுகிறாள். சுவரில் சிவப்பு பெயிண்டால் ‘வி’ எழுதிய பையன்களும், பதுங்கிய விஞ்ஞானிகளும், தோலுரித்த கேமராமேனும் சேர்ந்து இழுத்த தேரை நிலைக்குக் கொண்டுவந்தது ஒரு மாயக்குழந்தை! 2008இல் ஜான்சன் இதே உலகில் ஒரு நாவல் எழுதியபோது இரண்டாவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கோபம் நியாயம்தான்.

பழங்கேசட்:
வாரத் தொடருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. முதலிரண்டிலும் வந்தேறிகள் பேசும்போது குரலில் ஓர் எதிரொலி அதிரும். வாரத் தொடரில் அதை எடுத்துவிட்டார்கள். டிஸ்க்கிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு தேட வேண்டாம். விமானச் சண்டையும் பார்த்த மாதிரியே இருக்கும். பழைய ஷாட்டுகளைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.