ஆறரை இஞ்ச் போர்வெல்லுக்குள் விழுந்த வேற்றுக்கிரகப் பொருள்: கதையில் ஒரு சிக்கல், உதவுங்கள்

கொறங்காட்டுக்காரி:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஊர். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இரவில் அறிவியல் கதை எழுதுகிறேன். இதுவரை எதுவும் அச்சில் வந்ததில்லை. இப்போது எழுதுவது பாதியில் நிற்கிறது.

கதை இதுதான். விண்மீன் விட்டு விண்மீன் போய்வருகிற ஒரு கூட்டம் மேலே நின்று நம்மைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறது. மனிதர்களைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருப்பது ஒரே வரி: 'சத்தம் அதிகம், சரக்கு இல்லை.' அவர்கள் இறக்கிவிட்ட வேவுக்கருவி ஒன்று, சொம்பு அளவுதான் இருக்கும், எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலியோரம் இருக்கிற போருக்குள் விழுந்துவிடுகிறது. கால் இஞ்ச் தண்ணீர்கூட வராமல் கைவிட்ட போர். (மூடி போட்டிருக்க வேண்டும். கதையில் வருகிற பெரியப்பா போடவில்லை. அவரைப் போல நிஜத்திலும் சிலரை எனக்குத் தெரியும், அதை வேறு நாள் பேசலாம்.) குழி ஆயிரம் அடி. பாறை சரிந்த ஓர் இடத்தில், 780 அடியில், கருவி சிக்கி நிற்கிறது. ஊரில் போருக்குள் இறக்கிய தண்ணீர் மோட்டரை மேலே தூக்குகிற ஒருவர் அதை எடுத்துக் கொடுக்கிறார். வந்தவர்கள் அசந்துபோகிறார்கள்.

தோழி ஒருத்தி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அத்தனை தூரம் வரத் தெரிந்தவனுக்கு ஒரு குழிக்குள் கிடப்பதை எடுக்கத் தெரியாதா?" எனக்குப் பதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மோட்டர் எடுக்கும் வேலை நிஜத்தில் எப்படி நடக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. சின்ன வயதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. கிட்டே போனால் அப்புச்சி (அம்மாவின் அப்பா) விரட்டிவிடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணபதி லேத்:

ஜி.டி. நாயுடுவைக் கதைக்குள் கொண்டு வாருங்கள். 1893ல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர். வேற்றுக்கிரகத்தான் அவரிடம் கப்பலைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பிரித்திருப்பார்.

கொறங்காட்டுக்காரி:

நன்றிங்க. ஆனால் எனக்கு மேதை வேண்டாம். மேதையைப் பார்த்து அசருவது யாருக்கும் சுலபம். கூலிக்கு வந்துவிட்டு ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக நினைக்கிற ஆள்தான் வேண்டும்.

செயின்பிளாக்:

அம்மணி, நான் அந்த ஆள்தான். இருபத்திரண்டு வருசமாக மோட்டர் தூக்குகிறேன். உங்கள் கதையில் ஒரு கொக்கியைக் கட்டி விட்டு ஒரே இழுப்பில் எடுத்தால் எனக்குக் கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் பெரிய பாடு, கீழே எது எப்படிக் கிடக்கிறது என்று தெரியாததுதான். இப்போது கேமரா விடுகிறார்கள். தெளிந்த தண்ணீரில் அருமையாகத் தெரியும். ஆனால் பொருள் விழுந்து, நாங்களும் நாலு தடவை ரோப் விட்டுக் கலக்கிய போரில் தண்ணீர் டீ மாதிரி இருக்கும். டீக்குள் கேமராவை விட்டு என்ன பார்ப்பது?

அப்போது நான் சோப்பை எடுப்பேன். துணி துவைக்கிற பார் சோப். அதைச் சீவி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துப் பிசைந்து, கனமான இரும்புக் குழாய்த் துண்டின் அடிவாயில் இறுக்கி அடைப்பேன். ஓர் இஞ்ச் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். அடிப்பக்கத்தைத் தட்டையாக வழித்துவிட்டு, ரோப்பில் கட்டி இறக்கி, கிடக்கிற பொருளின் தலையில் ஒரே ஒரு தடவை உட்கார வைத்து, திருகாமல் மேலே எடுப்பேன். இரண்டாம் தடவை உட்கார வைத்தால் அச்சின் மேல் அச்சு விழுந்து எல்லாம் குழம்பிவிடும். மேலே வந்ததும் சோப்பைத் திருப்பிப் பார்த்தால் பொருள் நடுவில் நிற்கிறதா, சுவரோடு சாய்ந்திருக்கிறதா, விளிம்பு முழுசா, உடைசலா, எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதை ஈரத்துணியில் சுற்றி லேத்துக்கு எடுத்துப் போய், அந்த விளிம்புக்கு ஏற்ற மாதிரி ஒரு பிடி கடைந்து வருவேன். நான் கண்டுபிடித்தது என்று எழுதிவிடாதீர்கள். குழி தோண்டிப் பிழைக்கிறவர்களிடம் ரொம்ப நாளாக இருக்கிற முறை இது. சிலர் மெழுகில் எடுப்பார்கள், சிலர் ஈயத்தில். எனக்குச் சோப் வசதி, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

அப்புறம் கை. 780 அடி ரோப் தன் எடையிலேயே விறைத்து நிற்கும். கீழே தொடுவது மேலே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உள்ளங்கையை ரோப்பின் மேல் சும்மா வைத்தால் போதும். பாறையில் உரசினால் கரகரப்பு வரும். இரும்பில் தட்டினால் சுள்ளென்று ஒன்று மேலே ஏறும். சேற்றில் உட்கார்ந்தால் ஒன்றுமே வராது, செத்த ஆளின் கையைப் பிடித்த மாதிரி இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்குக் காது கேட்காது. எங்கள் கூட்டத்திலேயே அவர்தான் கெட்டி.

எடுக்க முடியாமல் விட்டதும் உண்டு. ஒரு தோட்டத்தில் மூன்று நாள் கிடந்தேன். பத்து அடி மேலே வந்து மறுபடி நழுவிப் போனது. தோட்டத்துக்காரர் பாதிக் கூலிதான் கொடுத்தார்.

உங்கள் ஆட்களால் ஏன் எடுக்க முடியாது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். பொருளுக்குச் சொந்தக்காரர் எப்போதும் குழியோரம் நின்றுகொண்டு, "அது இப்படித்தான் கிடக்கும்" என்பார். தன் பொருள் ஆயிற்றே, தெரியாமலா போகும் என்று நினைப்பு. ஒரு தடவைகூட அவர் சொன்ன மாதிரி கிடந்ததில்லை.

பொள்ளாச்சி வாத்தியார்:

செயின்பிளாக் கடைசியில் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அது வேவுக்கருவி அல்லவா? எந்த அலை பட்டாலும் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும்படி செய்திருப்பார்கள். பிறகு அவர்கள் அலை மட்டும் எப்படித் திரும்பி வரும்? தங்களிடமிருந்தே ஒளித்துவிட்டார்கள். சுற்றிலும் பாறையை ஆவியாக்கிவிடலாம், சரி, ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது? பொருள் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே! தொட்டுத்தான் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்ப்பதை அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்க்காமல் வேலை செய்வது நமக்குப் புதிதும் இல்லை. 1970 ஏப்ரலில் அப்போலோ 13ல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்கான சின்னக் கலத்தில் ஒண்டிக்கொண்டார்கள். அது இரண்டு பேருக்குக் கணக்குப் பண்ணிய கலம். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாக்கள் தீர்ந்துகொண்டு வந்தன. தாய்க்கலத்தில் மிச்சம் இருந்தவையோ சதுரம், இங்கே ஓட்டை வட்டம். தரையில் இருந்தவர்கள், கலத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் மேசையில் பரப்பி வைத்து, பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், ஒட்டுநாடா என்று சேர்த்து ஓர் இணைப்பைச் செய்து பார்த்தார்கள். பிறகு அதை வாயால் படிப்படியாகச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் காதால் கேட்டே செய்து முடித்தார்கள். படம் கிடையாது, பேச்சு மட்டும்தான்.

வாயேஜர் 1 கதை இன்னும் உங்கள் குழிக்குப் பக்கம். 1977ல் நாசா விண்வெளிக்கு அனுப்பிய ஆளில்லாத கலம். 2023 நவம்பரில் திடீரென்று பொருளில்லாத எண்களை அனுப்பத் தொடங்கியது. கலம் இருந்தது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். நாம் ஒன்று சொன்னால் போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. உட்கார்ந்து யோசித்து, நினைவக சிப் ஒன்று செத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் பதுக்கி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. அவர்களும் ரோப்பில் கை வைத்துக் காத்திருந்தவர்கள்தான், என்ன, ரோப் கொஞ்சம் நீளம்.

நொய்யல்கரை:

எல்லாரும் ரசிக்கிறீர்கள், நானும் ரசித்தேன். ஆனால் என் மாமனுக்கு இதே வேலையில் கிளாம்ப் நழுவி வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு நல்ல கிளாம்ப் வாங்கக் காசில்லை, பழசை வெல்டு வைத்துப் பயன்படுத்தினார்கள். அதையும் சாமர்த்தியம் என்றுதான் அன்று காலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போலோவுக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நின்றது. மாமனுக்குப் பின்னால் நான் நின்றேன், எனக்குப் பன்னிரண்டு வயது. வேற்றுக்கிரகத்தான் அசரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஆளின் கையில் எத்தனை விரல் என்றும் அவன் எண்ணிப் பார்க்கட்டும்.

செயின்பிளாக்:

உண்மைதானுங்க. எனக்குச் சுண்டுவிரல் மடங்காது.

கொறங்காட்டுக்காரி:

நேற்று இரவு மூன்று மணி வரை உட்கார்ந்து திருப்பி எழுதினேன். வாத்தியார் சொன்ன காரணத்தை வைத்துக்கொண்டேன். தோழி வாயை மூடிவிட்டாள். அப்புச்சியின் இடத்தில் வந்தவர்களின் தலைவன் நிற்கிறான், குழியோரம் நின்று "இப்படித்தான் கிடக்கும்" என்கிறான். இவர் தலையாட்டிவிட்டுச் சோப்பைப் பிசைகிறார். ரோப்பில் கை வைக்கிறார். தலைவனும் பார்த்துவிட்டுத் தன் கையை வைக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவருடைய மடங்காத விரலை அப்போதுதான் கவனிக்கிறான். நொய்யல்கரை, அது உங்கள் மாமனுக்காக.

பழைய வரியைக் குறிப்பேட்டில் அடித்துவிடுகிறார்கள். பதிலுக்கு என்ன எழுதினார்கள் என்று நான் எழுதவில்லை, எதை எழுதினாலும் பேச்சுப்போட்டி மாதிரி வருகிறது. கடைசியில் கூலியைக் கொடுத்துவிட்டு, அச்சு பதிந்த சோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள், அதைத் தங்கள் ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள் என்று முடித்திருக்கிறேன். செயின்பிளாக் அண்ணா, சரியாக இருக்கிறதா?

செயின்பிளாக்:

எல்லாம் சரி அம்மணி. கூலியில் பாதியை முன்பணமாக வாங்கிவிட்டதாக எழுதுங்கள், வேற்றுக்கிரகம் என்றாலும் கடன் வைக்கக் கூடாது.

சோப்தான் இடிக்கிறது. பொருள் மேலே வந்ததும் முதல் வேலை கை கழுவுவது. கிரீஸ் போக அதைவிட நல்ல சோப் கிடையாது. அவர்கள் கேட்கிற நேரத்துக்கு நானும் பையன்கள் இரண்டு பேரும் தேய்த்துப் பாதியைக் கரைத்திருப்போம்.