மறு: 'வாசிப்புக் கால மதிப்பீடு' – 'படிநேரம்' போதாதா?

> கட்டுரைத் தலைப்பின் கீழே வரும் "இத்தனை நிமிடம்" குறிப்புக்கு 'வாசிப்புக் கால மதிப்பீடு' என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் பிசகாது.

பொருள் பிசகாதுதான், ஐயா. ஆனால் கைப்பேசியில் அந்த இடம் பெருவிரல் அகலம்கூட இல்லை. நேற்று போட்டுப் பார்த்தேன். இரண்டு வரியாக மடிந்து முதல் பத்தியைக் கீழே தள்ளிவிட்டது.

'படிநேரம்' என்று வைத்தால் என்ன? குடிநீர், ஓடுதளம் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'காலம்' என்றாலே மழைக்காலம், சோழர் காலம் என்று நீண்டுவிடுகிறது. சில நிமிடங்களுக்கு 'நேரம்' போதும். கோலாலம்பூர் நண்பர் சொன்ன 'வாசிநேரம்' காதுக்கு இனிமை. ஆனால் நாதசுரக்காரரிடம் நேரம் கேட்பது போல இருக்கிறது. 'படி' என்றதும் அம்மா அதட்டுவது நினைவுக்கு வருகிறது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பழகிவிடும்.

அப்படியானால் வேகத்துக்கு 'படிவேகம்'. ஒன்றுக்குப் 'படி', இன்னொன்றுக்கு 'வாசிப்பு' என்று கலக்க வேண்டாம்.

சொல்லைவிட எனக்கு உறுத்துவது அதற்குள் இருக்கும் எண். போன வாரம் பினாங்குத் தீவுக்குப் போக, பட்டர்வொர்த்தில் படகு ஏறியதும் ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்தேன். 1,900 சொல், '8 நிமிடம்' என்றது நிரல். ஜார்ஜ் டவுன் கரையில் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது எனக்கு இன்னும் நான்கு பத்தி பாக்கி. நிரலைத் திறந்து பார்த்தால், சொல் எண்ணிக்கையை 238-ஆல் வகுத்திருக்கிறார்கள். அது ஆங்கிலக் கட்டுரைகளை மனத்துக்குள் படிப்பதற்கு மார்க் பிரைஸ்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன சராசரி. நமக்கு எப்படிப் பொருந்தும்?

'போகவேண்டியிருந்ததால்' என்பது நமக்கு ஒரு சொல். மலாயில் 'கெரானா தெர்பாக்சா பெர்கி' என்று மூன்றாகிவிடும். பின்லாந்தின் பின்னிஷ் மொழிக்கும், விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொல் நீளும் இதே ஒட்டுநிலைச் சிக்கல் உண்டு. 17 மொழிகளில் உரக்கப் படிக்கவைத்து அளந்த 2012 ஆய்வில், நிமிடத்துக்கு ஆங்கிலம் 228 சொல், பின்னிஷ் 161. பின்னிஷ்காரர்கள் மந்தமா? எழுத்தாக எண்ணினால் ஆங்கிலம் 987, பின்னிஷ் 1,078! அந்த 17-இல் தமிழ் இல்லை.

ஆகவே நாமும் எழுத்தைத்தான் எண்ண வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன சொல்லில் கண்ணுக்கு 11 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையின் கணக்கில் 20. 'போ' என்பதை அது 'ப' என்றும் ஓகாரக் குறி என்றும் இரண்டாக எண்ணும். குறியையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும்படி நிரலில் மாற்ற வேண்டும். பெரிய வேலை இல்லை.

---

> எழுத்துக்கு நேரம் குறித்தது தொல்காப்பியம். கண்ணிமையும் கைநொடியும் ஒரு மாத்திரை என்று அளவே கொடுத்திருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதைக் கொண்டே நேரம் கணக்கிட்டால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஐயா. போட்டும் பார்த்தேன்: 'போகவேண்டியிருந்ததால்' பன்னிரண்டரை மாத்திரை. ஆனால் அது வாயின் அளவு. மனத்துக்குள் படிக்கும்போது கண் எழுத்தெழுத்தாக நகர்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நின்று, பல எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நெடிலுக்கு அது கூடுதலாக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டுரையைக் குரலில் பதிவு செய்யும்போது உங்கள் கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். மற்றபடி, தலைப்பின் கீழே 'மாத்திரை: 8' என்று போட்டால் படிக்க வந்தவர் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பார்.

இன்றிரவு 'படிநேரம்: ஏறத்தாழ' என்று எழுதி எண்ணைக் காலியாக விடுகிறேன். என் படகுக் கணக்கை வைத்து ஊருக்கெல்லாம் வேகம் குறிக்க முடியாது. குழுவில் இருப்பவர்கள் அதே கட்டுரையைக் கடிகாரம் பார்த்து, வாய்விடாமல் படித்து, ஆன நிமிடத்தை எழுதுங்கள். கண்ணாடி போட்டுப் படித்தீர்களா என்பதையும் சேர்த்து.