பி.எஸ்.பி-யில் பீஸ் வாக்கர்: கவச வண்டி மிஷனில் மாட்டிக்கொண்டேன், வழி சொல்லுங்கள்

அரவேணு_பையன்:

வணக்கம். பெரியப்பா மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய பழைய பி.எஸ்.பி 3000 என்ற சோனி கையடக்க கேம் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். கூடவே இருந்தது ஒரே ஒரு டிஸ்க், மெட்டல் கியர் சாலிட் பீஸ் வாக்கர். கோத்தகிரிப் பக்கம் இப்போது விடாத மழை. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் கூடவே படுத்துவிடும். ஆகவே பொழுதுபோக்கு இதுதான்.

சாதாரண மிஷன் எல்லாம் தட்டுத்தடுமாறிப் போகிறது. எல்.ஏ.வி என்று ஒரு கவச வண்டி வரும் மிஷனில்தான் திரும்பத் திரும்பச் சாகிறேன். ஒளிந்து விளையாடும் கேம் என்றார்கள், இதில் ஒளியவே விடமாட்டேன் என்கிறான். கேமராவைத் திருப்புவதற்குள் குண்டு வந்துவிடுகிறது. வலது பக்கம் அனலாக் குமிழே இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படித்தான் ஆடினார்களோ! இன்னொரு தொல்லையும் உண்டு: நான் கட்டைவிரலை எடுத்தாலும் நாயகன் ஸ்நேக் தானாக இடது பக்கம் நடக்கிறார்.

நைட்_ஷிப்ட்:

எதற்கு இந்தப் பாடு? பி.எஸ்.3-க்கு 2011-லேயே எச்.டி பதிப்பு வந்துவிட்டது, இரண்டு அனலாக்கோடு. இல்லையென்றால் கம்ப்யூட்டரில் பி.எஸ்.பி போலவே இயங்கும் எமுலேட்டரில் போட்டு ஆடு.

அரவேணு_பையன்:

வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது, பி.எஸ்.3-யும் கிடையாது அண்ணா. இருப்பதை வைத்து ஆட வழி சொல்லுங்கள்.

குன்னூர்_பழையபெட்டி:

தம்பி, எமுலேட்டர் பேச்சை விடு. இது 2010-ல் பி.எஸ்.பி-க்காகவே, கையில் வைத்து ஆடுவதற்காகவே செய்த கேம். மிஷன்கள் சின்னச் சின்னதாக இருப்பதைப் பார்த்திருப்பாய். பஸ் வருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். வீடியோவுக்குப் பதிலாக அசையும் ஓவியமாகக் கதை சொல்கிறார்களே, அது ஆஷ்லி வுட் வரைந்தது. எனக்கு அந்தப் படங்களுக்காகவே இந்தக் கேம் பிடிக்கும். சிலர் "காசை மிச்சம் பிடித்துவிட்டார்கள்" என்பார்கள், போகட்டும்.

முதலில் கண்ட்ரோல். ஆப்ஷனில் ஷூட்டர், ஆக்‌ஷன், ஹன்டர் என்று மூன்று வகை இருக்கும். ஷூட்டரை வை. அதில் வலது பக்கத்து நாலு பட்டனும் கேமராதான். எல் பிடித்தால் குறி, ஆர் தட்டினால் சூடு. முதலில் கை முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும். ஆனால் எந்த வகை வைத்தாலும் கேமராவைச் சுழற்றிச் சுழற்றி எதிரியைத் தேடினால் உருப்பட முடியாது. மறைவாக ஓர் இடத்தில் உட்கார், ஒரு திசையை மட்டும் பார், அவன் நடந்து உன் திரைக்குள் வரட்டும். அரவேணுக்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் என்ன செய்வாய்? ஓடமாட்டாய், சத்தம் போடமாட்டாய், அதுவாகத் தலையைத் திருப்பிப் போகும்வரை நின்ற இடத்திலேயே நிற்பாய். அதே பொறுமைதான் இதற்கும்.

மெட்டல் கியர் சாலிட் மூன்றாம் பாகம் ஆடியவர்கள் இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். இதில் தரையில் ஊர்ந்து போக முடியாது, குனிந்தபடிதான் நடக்க முடியும். உடையையும் நடுவில் மாற்ற முடியாது, கிளம்பும்போது எதைப் போட்டாயோ அதுதான் கடைசிவரை. எவ்வளவு மறைந்திருக்கிறாய் என்று திரையில் சதவீதம் காட்டும், அதில் ஒரு கண் இருக்கட்டும்.

சரி, எல்.ஏ.வி. நீ வண்டியைத்தானே சுடுகிறாய்? எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ராக்கெட்டாக அடித்து நொறுக்கினால் மிஷன் முடியும், வண்டி உனக்குக் கிடைக்காது. வண்டியை மறந்துவிடு. கூட வரும் சிப்பாய்களைப் பார். வண்டிக்கும் உனக்கும் நடுவில் எப்போதும் ஒரு சுவர் இருக்க வேண்டும். அது நகர்ந்தால் நீயும் சுவரைச் சுற்றி நகரு. ஒவ்வொரு சிப்பாயாக எம்.கே.22 மயக்கத் துப்பாக்கியால் தலையில் சுடு. தலையில் பட்டால் உடனே தூங்கிவிடுவான், உடம்பில் பட்டால் அதற்குள் ஊரைக் கூட்டிவிடுவான். ஆட்கள் மறுபடி வருவார்கள், சளைக்காதே. காவலுக்கு ஒருத்தனும் இல்லாமல் போனதும் உள்ளே இருக்கும் கேப்டன் பொறுக்கமாட்டாமல் மூடியைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, தானே மெஷின் கன்னைப் பிடித்துச் சுடுவான். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம். அவன் தலைக்கும் அதே மயக்க ஊசி. அவன் சாய்ந்தால் வண்டி முழுசாக உன் படைத் தளமான மதர் பேஸுக்கு வந்துவிடும். பின்னால் வரும் டி-72 டாங்கி, எம்.ஐ-24 ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம்தான்.

அப்புறம் ஒரு கேள்வி. ஃபுல்டன் பலூன் கட்டி ஆட்களைத் தூக்குகிறாயா, இல்லை தாண்டித் தாண்டிப் போய்விடுகிறாயா? தூங்குகிறவன் முதுகில் பலூனைக் கட்டிவிட்டால் அவன் "ஐயோ" என்று ஆகாயத்துக்குப் போவான், அடுத்த நாள் உன் ஆள். அவர்களை ஆயுதம் உருவாக்கும் ஆர் அண்ட் டி பிரிவில் போட்டால்தான் புது ஆயுதம் வரும். கதையை மட்டும் ஓட்டிக்கொண்டு போனால் கையில் ஒன்றும் இருக்காது, நாலாவது சண்டையில் முட்டிக்கொண்டு நிற்பாய்.

அரவேணு_பையன்:

பலூன் இருக்கிறது, சண்டையில் அதைக் கட்ட நேரம் ஏது என்று விட்டுவிட்டேன் அண்ணா. ஸ்நேக்கின் கூலிப்படையை ஏன் கோஸ்டாரிகாவுக்குக் கூப்பிடுகிறார்கள்? அந்த இடம் எனக்கு ஓடிப்போய்விட்டது.

குன்னூர்_பழையபெட்டி:

அந்த நாட்டுக்கு ராணுவமே கிடையாது. 1948-லேயே கலைத்துவிட்டார்கள், இது நிஜ வரலாறு. கதை நடப்பது 1974-ல். ஆயுதம் தாங்கிய அன்னியப் படை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது, எதிர்க்க ஆளில்லை, அதனால் ஸ்நேக்கைத் தேடி வருகிறார்கள். மேலே சொன்னால் கதை கெட்டுவிடும். ஒன்று மட்டும்: கிரெடிட்ஸ் ஓடியதும் முடிந்தது என்று மூடி வைத்துவிடாதே.

கொடை_அக்கா:

பழையபெட்டி சொன்ன ஷூட்டர் வகையை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மான்ஸ்டர் ஹன்டர் என்ற இன்னொரு கேம் ஆடிய கைக்கு ஹன்டர் வகைதான் வரும். இடது கட்டைவிரல் அனலாக்கில், ஆள்காட்டி விரலை மடக்கி அம்பு பட்டனில் வைத்தால் நடந்துகொண்டே கேமராவும் திருப்பலாம். விரல் வலிக்கும், அது வேறு விஷயம். தம்பி இரண்டையும் ஆடிப் பார்க்கட்டும்.

தானாக நடப்பதற்கு வருகிறேன். அனலாக் குமிழுக்கு அடியில் மின்சாரம் கடத்தும் ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கும், அது தொடும் இடத்தில் அழுக்கோ ஈரமோ சேர்ந்தால் இப்படித்தான் ஒரு பக்கமாக இழுக்கும். நம் மலை ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு முன்பக்க மூடியைத் திற. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மூடு. தண்ணீர் வேண்டாம். கழற்றும்போதே பேட்டரியையும் பார்த்துக்கொள். உப்பியிருந்தாலோ, பின்மூடி சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றாலோ அதைத் திரும்பப் போடவே போடாதே. பேட்டரி இல்லாமலும் அடாப்டரில் நேரடியாக ஓடும்.

பேட்டரி சீக்கிரம் இறங்கினால் கேமுக்குள்ளேயே மெமரி ஸ்டிக்கில் இன்ஸ்டால் செய்யும் வசதி இருக்கிறது, செய்துவிடு. டிஸ்க் சுற்றுவது குறையும், காத்திருக்கும் நேரமும் குறையும்.

இந்தக் கேமின் நிஜமான ருசி கூட்டாக ஆடுவதில்தான். பி.எஸ்.பி-கள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் அட்ஹாக் முறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ரவுட்டர், நெட், டவர் ஒன்றும் தேவையில்லை. சாதாரண மிஷனுக்கு இரண்டு பேர், அந்தக் கவச வண்டி மாதிரியான பெரிய சண்டைக்கு நாலு பேர் வரை சேரலாம். ஒருத்தர் விழுந்தால் மற்றவர் எழுப்பிவிடலாம். இரண்டு பேர் ஒன்றாக உள்ளே புகுந்து நடக்கிற அட்டைப்பெட்டி கூட உண்டு!

அரவேணு_பையன்:

துடைத்துவிட்டேன் அக்கா, இழுப்பது நின்றுவிட்டது. எல்.ஏ.வி-யும் கிடைத்துவிட்டது! கேப்டன் எட்டிப் பார்த்த இடத்தில் கத்தியேவிட்டேன், பாட்டி என்னவோ ஏதோ என்று வந்து நின்றார். இப்போதைக்கு ஷூட்டர் வகைதான் கைக்கு வருகிறது, மன்னிக்கவும். குன்னூர் அண்ணா, உங்களிடம் இன்னும் ஒரு பி.எஸ்.பி ஓடுகிற நிலையில் இருக்கிறதா?

குன்னூர்_பழையபெட்டி:

இருக்கிறது, பி.எஸ்.பி 1000 மாடல், எடை கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி வரும் வேலை இருக்கிறது. டாங்கியை மட்டும் தனியாகத் தொடாமல் வை, சேர்ந்து பிடிப்போம். சார்ஜரை மறக்காதே.