மூடின ஜன்னலிலும் காற்று வருகிறது, அவசரம்

தேயிலைத்தூள்
வணக்கம். ஜன்னலை மூடினாலும் காற்று உள்ளே வருகிறது. திரைச்சீலை ஆடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை, அம்மாவுக்கு இழுப்பு வேறு. சிலிக்கான் டியூப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சுற்றிலும் அடித்துவிடலாமா? இன்றைக்கே செய்யணும்.

நிலக்கடலை
எந்த ஊர்? சென்னையில் ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் வாடகையை ஏற்றிவிடுவார்கள்.

ஈரோட்டான்
மரமா, அலுமினியமா? தள்ளுகிற கதவா, திறக்கிற கதவா? எத்தனை ஜன்னல்?

நிலைவாசல்
படம் இல்லை, அளவு இல்லை, ஊர்கூட இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவீர்களா தம்பி? இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. திறக்கிற கதவில் சிலிக்கான் அடித்தால் அப்புறம் அது ஜன்னல் இல்லை, சுவர்.

பூச்சுவேலை
கதவை விடுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சிமெண்ட் விட்டுப்போயிருக்கும். நான் போன வீட்டிலெல்லாம் அதுதான். அங்கே சிலிக்கான் அடிக்கலாம்.

குந்தா அக்கா
ஆளாளுக்கு ஊகிப்பதை விட ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்தி, திரைச்சீலையைக் கழற்றி வைத்துவிட்டு, பத்தியை ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் செய்தால்தான் தெரியும்.

ஈரோட்டான்
எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போடுங்கள். ஒரே செலவு, நிம்மதி.

குந்தா அக்கா
நாங்கள் போட்டோம். காற்று நின்றது. ஒரே மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை.

ஈரோட்டான்
ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போட்டுவிட்டு ஜன்னலைக் குறை சொல்லக் கூடாது.

குந்தா அக்கா
இங்கே ஜூலையில் வெளியே காயப்போட்டுப் பாருங்கள் சார். 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

நிலைவாசல்
கேட்டவரைக் காணோம். நீங்கள் சண்டை போடுங்கள்.

தேயிலைத்தூள்
மன்னிக்கவும், கரண்ட் இல்லை. ஊட்டி, தலைகுந்தா பக்கம். தாத்தா காலத்து மர ஜன்னல், இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும். பத்தி காட்டினேன். சுவர் ஓரத்தில் புகை நேராக நிற்கிறது. இரண்டு கதவும் சேருகிற இடத்திலும் அடியிலும் சீறிக்கொண்டு உள்ளே வருகிறது. போன ஆடியில் கதவு மூடவே முடியாமல் ஆசாரியை வைத்து இழைத்தோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். தம்பி இல்லை, தங்கை.

உளிச்சத்தம்
சம்பந்தமே அதுதான் தங்கச்சி. மழையில் மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் ஊதும். ஊதின நேரத்தில் இழைத்திருக்கிறார்கள். இப்போது தை மாதம், பனியும் வறட்சியும், மரம் சுருங்கிவிட்டது. இழைத்தது, சுருங்கியது, இரண்டும் சேர்ந்துதான் இந்த இடைவெளி. அதற்காக ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து அடைத்துவிடாதீர்கள், வருகிற ஆடியில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அமுங்குகிற ரப்பர்தான் சரி.

முதலில் சப்பாத்தி மாவைக் கொஞ்சம் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து மூடித் திறங்கள். மாவு எவ்வளவு தடிமனில் நிற்கிறதோ அதைவிடச் சற்றே தடிமனான ரப்பர் பீடிங் வாங்குங்கள். உள்ளே பொந்து இருக்கும் வகை நன்றாக அமுங்கும், பல வருஷம் வரும். ஃபோம் டேப் மலிவு, ஆனால் சீக்கிரமே சப்பையாகிவிடும். கதவு வந்து முட்டுகிற படியில் உரிந்த பெயிண்டைச் சுரண்டி, துடைத்து, வெயில் ஏறினபிறகு ஒட்டுங்கள். குளிரில் பசை பிடிக்காது.

கொக்கி ஆடினால் கழற்றிவிட்டு மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள். கதவை இழுத்துப் பிடிக்காவிட்டால் எந்த ரப்பரும் வேலை செய்யாது. கண்ணாடி ஓரத்து மக்கு (புட்டி) உதிர்ந்திருந்தால் அந்த சிலிக்கானை அங்கே அடிக்கலாம்.

பூச்சுவேலை
சுவரையும் ஒருமுறை பாருங்கள்.

நிலக்கடலை
எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே ஒரு கரிக் கணப்பு வைத்தால் சொர்க்கம்தான்.

குந்தா அக்கா
சொர்க்கத்துக்கே போய்விடுவீர்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இழுப்பு இருக்கிற அம்மா வீட்டில் இதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

நிலக்கடலை
எங்கள் பாட்டி எழுபது வருஷம் கணப்பு போட்டுத்தான் தூங்கினார்.

உளிச்சத்தம்
பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் எத்தனை ஓட்டை, எண்ணினீர்களா?

நிலைவாசல்
இத்தனை நாளில் உருப்படியாக ஒரு வரி. கேஸ் கீசரும் அப்படித்தான், குளியலறை வென்டிலேட்டரில் கை வைக்காதீர்கள்.

தேயிலைத்தூள் (நான்கு நாள் கழித்து)
பொந்து ரப்பர் கிடைக்கவில்லை, ஃபோம்தான் ஒட்டினேன். தாழ்ப்பாளும் போட்டாயிற்று. திரைச்சீலை ஆடவில்லை. அம்மா தூங்குகிறார். எல்லோருக்கும் நன்றி.

உளிச்சத்தம்
நல்லது. கீல் பக்கமும் ஒட்டினீர்களா? அங்கே தடிமன் அதிகமானால் கதவு எதிர்த்துத் தள்ளும், திருகாணி பிடுங்கிக்கொள்ளும்.

நிலைவாசல்
எத்தனை மி.மீ. ஃபோம் என்று இந்தத் தடவையும் சொல்லவில்லை.