காருக்கு பிபிஎஃப் ஒட்டிய அனுபவம்: ஃபிலிமைவிட விளிம்பைப் பாருங்கள்

தாம்பரத்திலிருந்து:

வணக்கம் நண்பர்களே. புதுக் கார் ஷோரூமிலிருந்து வெளியே வந்த அதே வாரத்தில் அதற்கு பிபிஎஃப், அதாவது பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்ற, பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினேன். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதன் மேல் கடந்த பிறகு எழுதுவதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதுவரை எழுதவில்லை. ஒட்டிய மறுநாள் எடுத்த படத்தில் எந்தக் கடையின் வேலையும் குறையில்லாமல்தான் தெரியும்.

வேலை நிமித்தமாக ஜி.எஸ்.டி. சாலையில் விழுப்புரம் வரை அடிக்கடி போய் வருபவன் நான். செங்கல்பட்டைத் தாண்டினால் எம்-சாண்ட் லாரிகளும் ஜல்லி லாரிகளும் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரிக்குப் பின்னால் சிறிது தூரம் போனாலே பானெட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். என்னுடைய பழைய காரின் முன்பக்கம் முழுவதும் அப்படிப் பொரிந்துபோயிருந்தது. தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட், பிரைமரிலிருந்து கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளையும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் 40, 50 மைக்ரான். கல் அடித்தால் தகடு வரை பெயர்ந்துவிடும், கடற்காற்று வீசும் ஊரில் அந்தப் புள்ளியில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. செராமிக் கோட்டிங் போட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அது ஓரிரு மைக்ரான் அளவிலான பூச்சு. தண்ணீர் வழிந்தோடவும், வண்டியைச் சுலபமாகக் கழுவவும் உதவும், ஆனால் கல்லைத் தடுக்காது. பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் தடிப்புள்ள பாலியூரித்தேன் ஃபிலிம் என்பதால், கல் மோதும் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் முனைகள் மணலிலும் கல்லிலும் தேயாமல் இருக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் டேப்பிலிருந்துதான் இது பிறகு கார்களுக்கு வந்தது.

விசாரித்த இடங்களில் முழு வண்டிக்கு அறுபதாயிரம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை விலை சொன்னார்கள். இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் ஃபிலிமின் வகை. டிபியு என்பது உண்மையான பாலியூரித்தேன். டிபிஎச் என்று விற்கப்படுவது, மென்மையாக்கும் பொருள் சேர்த்த பிவிசி வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே பெயரில், 'பிபிஎஃப்' என்று மட்டும் சொல்லி விலைப்பட்டியல் நீட்டும் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. டிபியுவிலும் அலிஃபாட்டிக் வகைதான் வெயிலில் மஞ்சளாகாமல் நீண்ட நாள் தாங்கும். அரோமாட்டிக் வகை புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் பூக்கும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இதில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்.

எக்ஸ்பெல், லூமர், 3எம் போன்ற வெளிநாட்டுப் பெயர்களோடு, மகாராஷ்டிரத்தின் வாலூஜில் ஆலை வைத்திருக்கும் கார்வாரே நிறுவனத்தின் ஃபிலிமும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. எந்தப் பெயரானாலும், உத்தரவாதம் ஃபிலிம் தயாரித்த நிறுவனத்தின் பெயரில், ரோலின் வரிசை எண்ணோடும் நம் வண்டியின் எண்ணோடும் பதிவாகிறதா என்று பாருங்கள். கடையின் லெட்டர்பேடில் 'பத்து வருட வாரன்டி' என்று அச்சடித்துக் கொடுக்கும் தாள், அந்தக் கடை அதே இடத்தில் இருக்கும் வரைக்கும்தான் செல்லும்.

எல்லாக் கடையிலும் காட்டும் ஒரு சோதனை உண்டு. மாதிரித் தகட்டின் மேல் பித்தளை பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்து, வெந்நீர் ஊற்றுவார்கள். கீறல்கள் கண்முன்னே மறையும். அது உண்மைதான், ஏமாற்று இல்லை. ஆனால் மறைவது ஃபிலிமின் மேற்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல்கள் மட்டுமே. சாவியால் ஆழமாகக் கிழித்தால் எந்த வெந்நீரும் அதை ஆற்றாது. அந்தச் சோதனையை வைத்து எந்தக் கடைக்கு வண்டியைக் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. நான் முதலில் போன கடையில், பழைய ஃபிலிமை உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவதற்காக ஒரு கறுப்பு செடான் நின்றிருந்தது. பானெட்டின் விளிம்பை ஒட்டி, ஹெட்லைட்டைச் சுற்றி வளைந்து, பென்சிலால் வரைந்ததுபோல ஒரு மெல்லிய கோடு ஓடியது. விரலால் தடவினால் தெரியவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. முன்பு ஒட்டியவர் ஃபிலிமை வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டியிருக்கிறார், பிளேடு கிளியர் கோட்டையும் கடந்து போயிருக்கிறது. பெயின்ட்டைக் காப்பாற்ற ஒட்டிய பொருளே பெயின்ட்டை அறுத்துவிட்டது. ஃபிலிம் மேலே இருக்கும் வரை அந்த உரிமையாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதனால் அடுத்தடுத்த கடைகளில் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்படி வெட்டுவீர்கள்?" என்பதுதான். ஒரு முறை, கணினியில் அந்த மாடலின் அளவு வைத்து பிளாட்டர் எந்திரத்தில் முன்கூட்டியே வெட்டி எடுத்து ஒட்டுவது. பிளேடு வண்டியைத் தொடாது. ஆனால் பல இடங்களில் ஃபிலிம் விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும், அந்தக் கோட்டில் நாளடைவில் அழுக்கு சேரும். இன்னொரு முறை, ரோலிலிருந்து பெரிய துண்டாக எடுத்து விரித்து, விளிம்பில் உள்பக்கமாக மடித்து ஒட்டுவது. பார்வைக்கு ஃபிலிம் இருப்பதே தெரியாது. ஆனால் எல்லாம் ஒட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த கடையில் இரண்டையும் கலந்து செய்தார்கள். பிளாட்டரில் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டி, அந்த மிச்சத்தை பானெட், கதவு விளிம்புகளில் உள்ளே மடித்தார்கள். வண்டியின் மேல் வைத்து வெட்டியே தீர வேண்டிய இடங்களில் பிளேடுக்குப் பதில் நூல் வைத்த டேப்பைப் பயன்படுத்தினார்கள். ஃபிலிமுக்கு அடியில் அதை ஒட்டிவிட்டு நூலை இழுத்தால் ஃபிலிம் அறுபடும்.

ஒட்டும் நாளில் கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டேன், மறுக்கவில்லை. அனுமதிக்காத கடைக்கு வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். புது வண்டிதானே, கழுவியதும் ஒட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஸ்டாக்யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்று வந்த வண்டி அது. இரும்புத் துகள் நீக்கும் திரவத்தைத் தெளித்ததும் வெள்ளைக் கதவின் கீழ்ப்பகுதியில் படிந்திருந்த இரும்புத் துகள் கரைந்து ஊதா நிறக் கோடுகளாக வழிந்தது. அதன் பிறகு பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிக்கட்டியால் தேய்த்து, லேசாக பாலிஷ் போட்டு, ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்தார்கள். இதற்கே ஒரு முழு நாள் போயிற்று. ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் எந்தக் குறையும் அதை உரிக்கும் வரை அங்கேயே இருக்கும் என்பதால், அந்த நாள் வீண் இல்லை.

ஒட்டும் அறையின் தரையைத் தண்ணீர் விட்டு நனைத்து வைத்திருந்தார்கள், தூசி எழும்பாமல் இருப்பதற்காக. பானெட்டில் பேபி ஷாம்பு கலந்த தண்ணீரை வழிய வழியத் தெளித்து, இருவர் இரு முனைகளிலும் பிடித்து ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்குவீஜியால் தண்ணீரைத் தள்ளினார்கள். பானெட் சீக்கிரமே முடிந்தது. பம்பர்தான் சோதனை. பனிவிளக்கைச் சுற்றிய குழிவுக்கு வந்தபோது ஒட்டிக்கொண்டிருந்த இளைஞர் சொன்னது இது: "அண்ணே, இங்க இழுத்து ஒட்டிட்டா இன்னிக்கு அழகா இருக்கும், வெயில்ல நின்னா ஒரே வாரத்துல எழும்பிடும். கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டி, அது போற வழிக்கு விடணும்." ஒரு மூலைக்கே அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்தப் பொறுமைக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

வண்டியை எடுக்கும்போது கடையின் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல், வெளியே வெயிலில் நிறுத்தியும் பாருங்கள். உள்ளே சிறு தண்ணீர்க் கொப்புளங்கள் இருந்தால் கவலை வேண்டாம், சில வாரங்களில் காய்ந்துவிடும். ஆனால் தூசியும் முடியும் காயாது. வலது ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில், ஒரு முடி மாட்டியிருந்ததைக் காட்டினேன். முகம் சுளிக்காமல் அந்தத் துண்டை உரித்துப் புதிதாக ஒட்டினார்கள். பிறகு சக்கர வளைவு, கதவு விளிம்பு, பானெட்டின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது பிசிறு தட்டினால் அங்கிருந்துதான் மண் ஏறத் தொடங்கும்.

இந்த ஓராண்டில் கண்டவற்றில் நம் ஊருக்கே உரியது ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குப் பானெட்டில் வைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் மறுநாள் துடைத்தபோது மஞ்சள் கறை அப்படியே நின்றது. ஷாம்பு, வெந்நீர் எதற்கும் போகவில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, எதையும் போட்டுத் தேய்க்காமல் வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். மஞ்சளின் நிறம் ஒளியில் சிதையக்கூடியது என்பதால், சில நாள்களில் கறை மங்கி மறைந்தது. பறவை எச்சத்தை வெயிலில் காயவிடாமல் உடனே நனைத்து எடுப்பதும், போர்வெல் தண்ணீரில் கழுவினால் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பதும் ஃபிலிம் ஒட்டிய பிறகும் தேவைதான். உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள் ஃபிலிமிலும் படியும்.

கல் அடித்ததா என்று கேட்பீர்கள். அடித்தது. பானெட்டின் முன்முனையில், ஃபிலிமில் சிறு வெள்ளைப் புள்ளியாக ஒரு தழும்பு இருக்கிறது. அடியில் பெயின்ட் முழுசாக இருக்கிறது.

*

கோயம்புத்தூரிலிருந்து:

விரிவான பதிவுக்கு நன்றி ஐயா. புது வண்டிக்கு நீங்கள் எழுதியதோடு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன்.

நான் வாங்கியது இரண்டாம் கைக் கார். வாளையாறு வழியாகப் பாலக்காடு போய்வரும் வேலை என்பதால் முன்பக்கத்துக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்ட நினைத்தேன். ஒட்டுவதற்கு முன் கடைக்காரர் பெயின்ட்டின் தடிப்பை அளக்கும் அளவு மானியை வைத்து ஒவ்வொரு இடமாக அளந்தார். பானெட்டிலும் வலது ஃபெண்டரிலும் 120 மைக்ரானை ஒட்டி வந்த எண், இடது ஃபெண்டரில் முன்னூறைத் தாண்டியது. அந்த ஃபெண்டர் ஏதோ ஒரு விபத்துக்குப் பிறகு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தொழிற்சாலை பெயின்ட் அதிக வெப்பத்தில் சுட்டு எடுக்கப்படுவதால் தகட்டை இறுகப் பிடித்திருக்கும், ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயின்ட்டுக்கு அந்தப் பிடிமானம் இருக்கும் என்று சொல்ல முடியாது, நாளை ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். அதைக் கேட்டு அந்த ஒரு பகுதியை விட்டுவிட்டேன். புதிதாக பெயின்ட் அடித்த பகுதியாக இருந்தால், அது முழுமையாகக் காய்வதற்குக் குறைந்தது ஒரு மாதமாவது விட வேண்டும் என்றும் சொன்னார்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் வந்த வண்டி இடித்து என் நண்பரின் காரின் டிக்கிக் கதவை மாற்ற வேண்டி வந்தது. கதவுக்கும் பெயின்ட்டுக்கும் இழப்பீடு கிடைத்தது. அதன் மேலிருந்த ஃபிலிமுக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் பாலிசியில் அது கூடுதல் பொருளாகக் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. ஒட்டிய பில்லோடு காப்பீட்டு நிறுவனத்தை அணுகி, பாலிசியில் அதைச் சேர்க்க முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

*

தாம்பரத்திலிருந்து:

நன்றி தம்பி. அளவு மானி பற்றி நீங்கள் எழுதியது மிக முக்கியமானது.

முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். என் கருத்தில் தேவையில்லை. கல் அடிப்பது முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பக்கவாட்டுக் கண்ணாடிகளின் முன்பக்கம் ஆகியவற்றில்தான். அதோடு கைநகம் படும் கைப்பிடிக் குழிவு, அடுத்த வண்டியில் இடிபடும் கதவு விளிம்பு, பெட்டி ஏற்றி இறக்கும் டிக்கி விளிம்பு, முன் சக்கரம் கல்லை வாரி அடிக்கும் கதவின் அடிப்பகுதி ஆகிய இடங்களையும் சேர்த்தால் போதும். கூரைக்கும் பின் கதவுகளுக்கும் செலவிடும் பணத்தை, முன்பக்கத்துக்கு நல்ல டிபியு ஃபிலிமும் நல்ல கையும் கிடைக்கச் செலவிடலாம். வீட்டில் கார் ஷெட் இல்லாமல் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு மட்டும் கூரைக்கும் ஒட்டுவது பொருந்தும்.

நிறம் மாற்றும் பிபிஎஃப் பற்றிக் கேட்டவருக்கு: வண்டியின் நிறம் மாறினால் அதை ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், எனவே ஒட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷர் குழாயை விளிம்புக்கு நேராகக் காட்ட வேண்டாம் என்று வாட்டர் வாஷ் கடையில் ஒவ்வொரு முறையும் நானே நின்று சொல்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் முன் சக்கர வளைவில் ஓரிடத்தில் ஃபிலிம் லேசாக எழும்பியிருந்தது. கடைக்குக் கொண்டுபோனதும் சூடு காட்டி அழுத்தி ஒட்டிக்கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. அடுத்த சோதனைக்குக் கோடை தொடங்கும் முன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.