மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: சபாவுக்கும் அறுபத்துமூவருக்கும் தாங்குமா?

மாடவீதி:
கையில் இருக்கும் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) டிஎஸ்எல்ஆரையும் அதோடு வந்த கிட் லென்ஸையும் தள்ளிவிட்டு, செகண்ட்ஹேண்டில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்ன சென்சார் வகைக் கேமராவான ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 3 எடுக்கலாமா? மார்கழிக் கச்சேரி, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர், எப்போதாவது பள்ளிக்கரணைப் பறவைகள், இவ்வளவுதான் தேவை. எடை குறையணும். சென்சார் சின்னது என்பதுதான் உறுத்துது.

கால்_சென்சார்:
17.3 × 13 மிமீ சென்சார். ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு) பரப்பில் கால்வாசி, அதனால் நாய்ஸில், அதாவது இருட்டில் படத்தில் விழும் புள்ளிகளில், 2 ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). ஆனா நீங்க வர்றது ஏபிஎஸ்-சியிலிருந்து. அதோடு ஒப்பிட்டா முக்கால் ஸ்டாப்கூட இல்லை. கிட் லென்ஸை ஸூம் பண்ணினா எஃப்/5.6-ல் நிக்கும் (எஃப் எண் குறைஞ்சா லென்ஸ் துளை பெரிசு). அதுக்குப் பதில் 45 மிமீ எஃப்/1.8 போட்டா மூணு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். லென்ஸ் எடை வெறும் 116 கிராம். பாடியில் மிச்சம் பிடிச்சு இதில் போடுங்க. பின்னணி மங்கல் மட்டும் ஃபுல் ஃபிரேம் 90 மிமீ எஃப்/3.6 அளவுதான் வரும்.

தனி_ஆவர்த்தனம்:
சபாவுக்கு மார்க் 3 வேண்டாம் சார். சத்தம் வராத சைலன்ட் ஷட்டர் அதில் டயலின் ஏபி மோடுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கு. அப்பர்ச்சர், ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் ஏ, எஸ், எம் மோடில் வராது. ஏன் இப்படிச் செஞ்சாங்களோ! மார்க் 2-ல் எம் மோடிலேயே கிடைக்கும்.

சைலன்ட்டில் சென்சார் வரி வரியாப் படிக்கும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைங்க, படத்தில் பட்டை விழாது. 1/250-க்குப் போனா பாடகர் முகத்திலேயே கோடு. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. மிருதங்க விரல் 1/100-ல் கலங்கும். தனி ஆவர்த்தனத்தில் சத்தத்துக்கு நடுவே மெக்கானிக்கல் ஷட்டர் போட்டு 1/250-ல் எடுங்க, யாருக்கும் கேட்காது.

சதுப்புநிலம்:
பறவைதான் இடிக்கும். இ-எம்10 வரிசை முழுக்க கான்ட்ராஸ்ட் ஃபோகஸ், முன்னும் பின்னும் தேடித்தான் கூர்மையைப் பிடிக்கும். நிற்கும் கூழைக்கடாவுக்குப் பிரச்சினை இல்லை. பறந்து வருவதைத் துரத்தாது. அதுக்கு ஃபேஸ் டிடெக்ட் (தேடாமல் நேரே ஃபோகஸ் பிடிக்கும் முறை) உள்ள இ-எம்1 மார்க் 2 வேணும், எடையும் ஏறும். லென்ஸில் லாபம் உண்டு: 75-300 மிமீ லென்ஸ் இங்கே ஃபுல் ஃபிரேமின் 150-600 மாதிரி, எடை 423 கிராம்தான். லென்ஸ் துளையை எஃப்/11-க்கு மேல் மூடாதீங்க, சின்னத் துளையில் ஒளி பரவுற டிஃப்ராக்‌ஷனில் கூர்மை போயிடும்.

அறுபத்துமூவர் கூட்டத்தில் பின்னால் நகர இடமே இருக்காது, 45 மிமீ-இல் எல்லாம் அடங்காது, அகலமா எடுக்க 14-42 கிட் லென்ஸையும் வச்சுக்குங்க. பேட்டரி சின்னது, முழு நாளுக்கு மூணு.

மாடவீதி:
சரி, இ-எம்10 மார்க் 2-தான். பழைய லென்ஸில் என்ன பார்க்கணும்?

தனி_ஆவர்த்தனம்:
ஃபங்கஸ். சென்னை ஈரப்பதத்தில் மூடிய லெதர் பையில் கிடந்த லென்ஸை நம்பாதீங்க. அப்பர்ச்சரை முழுசாத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சு, முன்பக்கம் பாருங்க. நாலு தூசி பரவாயில்லை. சிலந்தி இழை மாதிரி கிளை பிரிஞ்சு தெரிஞ்சா, எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்: கோட்டிங்கை அரிச்சிருந்தா துடைச்சாலும் தடம் போகாது.